அப்பன் பெயர் இல்லாமல் பிறந்த குட்டி: மினியேச்சர் குதிரைக்குப் பதிவு வாங்கும் வழி

"பேப்பர் எல்லாம் பின்னாலேயே தபாலில் வந்துவிடும்" என்று சொல்லித்தான் அந்தச் சினைக் குதிரையை என்னிடம் விற்றார்கள். டிரெய்லரில் ஏற்றியபோது என் கையில் ஒரு விற்பனை ரசீதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் மட்டும்தான் இருந்தன. 2024 ஏப்ரல் 10 அன்று விடியும் முன்பே குட்டி ஈன்றுவிட்டது. தபால்தான் வரவில்லை.

அமெரிக்காவில் மினியேச்சர் குதிரை வாங்கும் புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். குட்டி துள்ளி ஓடிக்கொண்டிருக்கும். பதிவுப் படிவத்தில் "தகப்பன்" என்ற கட்டம் காலியாக இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப நான் ஒன்றரை வருடம் அலைந்தேன். வேலையைச் சரியான வரிசையில் செய்திருந்தால் நான்கைந்து மாதத்தில் முடிந்திருக்கும். முதலில் டிஎன்ஏ, பிறகு மற்றது என்று நான் தலைகீழாக ஆரம்பித்தேன். எனவே வரிசையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எந்தப் பதிவேடு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் மினியேச்சர் குதிரைகளின் வம்சாவளியைப் பதிந்து சான்றிதழ் தரும் பெரிய பதிவேடுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷன், அதாவது ஏஎம்எச்ஏ. 1978இல் தொடங்கியது, டெக்சாஸில் இருக்கிறது. வளர்ந்த குதிரை 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதி. மற்றொன்று அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் ரெஜிஸ்ட்ரி, ஏஎம்எச்ஆர். 1888இல் தொடங்கிய அமெரிக்கன் ஷெட்லாண்ட் போனி கிளப்பின் குடைக்குள் இருப்பது. இதில் 34 அங்குலம் வரை 'ஏ' பிரிவு, அதற்கு மேல் 38 வரை 'பி' பிரிவு. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் படிவத்தை மாற்றி அனுப்பியவர்கள் நிறைய. நானும் ஒருமுறை அனுப்பினேன்.

உயரத்தை எங்கே அளக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மற்ற குதிரைகளைத் தோள் முகட்டில் அளப்பார்கள். மினியேச்சரைப் பிடரி மயிரின் கடைசி முடி முளைக்கும் இடத்தில் அளக்கிறார்கள். நம் ஊரில் மட்டக்குதிரை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை இங்கே அரை அங்குலக் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

தாய்க் குதிரையின் சான்றிதழ் உங்களிடம் இருந்தால் அது எந்தப் பதிவேட்டுடையது என்று பாருங்கள். இரண்டிலும் பதிவான குதிரைகளும் உண்டு. ஆனால் குட்டியை ஒரு பதிவேட்டில் சேர்க்க, தாயும் தகப்பனும் அதே பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான நிலை. தாய் ஒன்றில், தகப்பன் மற்றொன்றில் மட்டும் என்றால் சிக்கல் வேறு மாதிரி.

உண்மையில் காணாமல் போயிருப்பது எது?

"பேப்பர் இல்லை" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பேப்பர் என்று கேட்டால் பதில் வராது. குட்டியின் பதிவுக்குப் பின்னால் மூன்று ஆவணங்கள் இருக்கின்றன.

முதலாவது ஸ்டாலியன் ரிப்போர்ட். பொலிகுதிரை வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் இது. எந்தெந்தப் பெண் குதிரை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அந்தப் பொலிகுதிரையுடன் இருந்தது என்று அதில் இருக்கும். அடுத்தது, இந்தக் குதிரை என் பொலிகுதிரையோடு சேர்ந்தது உண்மைதான் என்று அதே மனிதர் போட்டுத்தரும் கையெழுத்து. சில நேரம் தனிச் சான்றாக வரும், சில நேரம் குட்டியின் விண்ணப்பத்திலேயே அதற்கு ஓர் இடம் இருக்கும். மூன்றாவது தாய்க் குதிரையின் பெயர் மாற்றம். பதிவேட்டின் கணக்குப்படி குட்டி பிறந்த அன்று தாய் யார் பெயரில் இருந்ததோ, அவர்தான் குட்டிக்கு விண்ணப்பிக்க முடியும்.

கவனித்துப் பாருங்கள், இந்த மூன்றிலும் குறைவது ஒரு மனிதருடைய கையெழுத்து. அலமாரியில் தேடி எடுக்கிற பொருள் இல்லை இது. இதை நான் புரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆனது. அதுவரை விற்றவருக்கு "பேப்பர் அனுப்புங்கள், பேப்பர் அனுப்புங்கள்" என்று செய்தி போட்டுக்கொண்டே இருந்தேன். அவரிடம் அனுப்ப எந்தப் பேப்பரும் இல்லை. அவர் போட வேண்டிய கையெழுத்தை எந்தத் தாளில் போடுவது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

தேதியைக் கணக்குப் போடுங்கள்

யாருடைய கையெழுத்து என்று கண்டுபிடிக்க ஒரு காலண்டர் போதும். குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். 320 நாள் முதல் 360 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். என் குட்டி பிறந்தது 2024 ஏப்ரல் 10. 360 நாள் பின்னால் போனால் 2023 ஏப்ரல் 16. 320 நாள் பின்னால் போனால் மே 26. ஆக, அந்த ஆறு வாரத்துக்குள்தான் சேர்க்கை நடந்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டு கேள்விகள். அந்த ஆறு வாரம் என் குதிரை எந்தப் பண்ணையில் நின்றது? அப்போது அங்கிருந்த பொலிகுதிரை யார் பெயரில் இருந்தது? பொலிகுதிரையை இன்று யார் வைத்திருக்கிறார் என்பது முக்கியமில்லை. சேர்க்கை நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ, கையெழுத்து அவருடையது. எனக்கு விற்றவர் இடையில் வாங்கி விற்ற வியாபாரி. அவரிடம் குதிரை இருந்தது ஜூலை முதல்தான். அதாவது நான் ஆறு மாதம் நச்சரித்தது சம்பந்தமே இல்லாத ஒருவரை, பெயர் மாற்றம் ஒன்றைத் தவிர.

தாயின் பெயர் மாற்றச் சங்கிலி

இதைத்தான் முதல் வேலையாக முடிக்க வேண்டும். குட்டியின் விண்ணப்பத்தை எவ்வளவு அழகாக நிரப்பினாலும், தாய் உங்கள் பெயருக்கு வரவில்லை என்றால் அது அப்படியே திரும்பி வரும்.

குதிரை மூன்று கை மாறி உங்களிடம் வந்திருந்தால் மூன்று பெயர் மாற்றமும் வரிசையாக நடக்க வேண்டும். நடுவில் இருப்பவரைத் தாண்டிப் போக முடியாது. வியாபாரிகள் வழக்கமாகச் செய்வது என்ன தெரியுமா? பழைய சொந்தக்காரரிடம் விற்பவர் கையெழுத்தை மட்டும் வாங்கிவிட்டு, வாங்குபவர் இடத்தைக் காலியாக விட்டு, படிவத்தை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒரு படிவம் உங்கள் கைக்கு வந்தால் அவசரப்பட்டு உங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள். பதிவேட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

அசல் சான்றிதழே தொலைந்துவிட்டால் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதையும் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் கேட்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டாலும் அதில் இருந்த பதிவு எண் ஏதாவது பழைய படத்திலோ, விற்பனை விளம்பரத்திலோ, மருத்துவச் சீட்டிலோ கிடைக்கும். என் விஷயத்தில் டிரெய்லர் ஏறிய அன்று வந்த அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் குதிரையின் பதிவுப் பெயர் இருந்தது. அதை வைத்துத்தான் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தேன்.

விற்பனை ரசீது இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். குதிரை உங்களுடையது என்பதற்கு ரசீதுதான் சாட்சி, அதில் சந்தேகம் இல்லை. பதிவேட்டுக்கு அது ஒரு துணை ஆவணம், அவ்வளவே.

பொலிகுதிரைக்காரரிடம் பேசுவது

ஆளைக் கண்டுபிடித்ததும் "நீங்கள் ஏன் ரிப்போர்ட் போடவில்லை" என்று ஆரம்பித்தால் கதை அன்றோடு முடிந்தது. பெரும்பாலும் அவர் ஏமாற்றவில்லை. குதிரையை விற்றுவிட்டார், அது சினை பிடித்ததே அவருக்குத் தெரியாது, தெரியாத குட்டிக்கு எதற்கு ரிப்போர்ட்?

அவர் வேலையை நீங்களே செய்து கொடுங்கள். தாமதமான ஸ்டாலியன் ரிப்போர்ட்டைக் கூடுதல் கட்டணத்தோடு ஏற்றுக்கொள்வார்கள். அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டுவதாக முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். படிவத்தில் நிரப்ப முடிந்ததை எல்லாம் பென்சிலில் நிரப்பி, கையெழுத்து இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, தபால்தலை ஒட்டிய திருப்பு உறையையும் வைத்து அனுப்புங்கள். குட்டியின் படம் ஒன்றையும் வையுங்கள். என் உறை ஒன்பது நாளில் திரும்பி வந்தது, படத்தைத் தான் வைத்துக்கொள்வதாக ஒரு வரிக் குறிப்போடு.

தேதிகளை மட்டும் அவரே எழுதட்டும். நீங்கள் கணக்குப் போட்ட தேதியை அவர் வாயில் திணிக்க வேண்டாம். அவருடைய நினைவும் உங்கள் கணக்கும் தனித்தனியாக வந்து பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு. கையெழுத்தை நீங்களே போடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். பின்னால் தெரிந்தால் குட்டியின் பதிவு மட்டுமல்ல, உங்கள் உறுப்பினர் தகுதியும் போய்விடும்.

அவர் இறந்துபோயிருந்தால்? சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் அங்கீகரித்தவர் கையெழுத்திடலாம். அதற்கான உத்தரவின் நகலையும் இணைக்க வேண்டும். மனைவியோ மகனோ வெறுமனே கையெழுத்துப் போட்டால் செல்லாது.

நிறத்தைப் பாருங்கள், காசு மிச்சம்

என் கதை இங்கேதான் திரும்பியது. என் குதிரை செஸ்ட்நட், அதாவது உடலும் பிடரியும் வாலும் எல்லாமே செம்பு நிறம். தகப்பன் என்று அந்தப் பண்ணைக்காரர் எழுதித் தந்த பொலிகுதிரையும் செஸ்ட்நட். குட்டி பிறந்தபோது ஒரு மாதிரி மங்கலான பழுப்பு, கால்கள் சாம்பல் கலந்த வெளிர் நிறம். குட்டிகளின் பிறந்த நிறத்தை நம்பக்கூடாது என்பார்கள். மூன்றரை மாதத்தில் கண்ணைச் சுற்றியும் மூக்கின் மேலும் குட்டிமயிர் உதிர ஆரம்பித்தது. அடியில் சிவப்பு. சரிதான் என்று நினைத்தேன். பிறகு முழங்காலுக்குக் கீழே உதிர்ந்தது. அடியில் கருகருவென்று கறுப்பு. வாலும் கறுப்பு. பே என்று சொல்கிற நிறம் அது.

செஸ்ட்நட் ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். கறுப்பு நிறமியை உண்டாக்கும் மரபணு வடிவம் செஸ்ட்நட் குதிரையிடம் இருக்காது. இல்லாததைக் குட்டிக்குக் கொடுக்கவும் முடியாது. ஆகவே இரண்டு செஸ்ட்நட்டுக்குப் பே நிறக் குட்டி பிறக்காது. இதே போல வயது ஏற ஏற வெளுக்கும் சாம்பல் நிறக் குட்டிக்குப் பெற்றோரில் ஒன்றாவது சாம்பலாக இருந்தாக வேண்டும். இந்த இரண்டு விதியையும் மனதில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்களைச் சோதனைக்குக் காசு கட்டும் முன்பே தீர்த்துவிடலாம்.

பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: பக்கத்து அடைப்பில் ஒரு பே நிறப் பொலிகுதிரையும் இருந்ததாம். ஒருநாள் காலையில் அது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்ததாம். அதைப் பிடித்துத் திரும்பக் கட்டிவிட்டு அத்தோடு மறந்துவிட்டார்.

டிஎன்ஏ: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

தகப்பன் யார் என்று இரண்டு பேர் மேல் சந்தேகம் இருக்கும்போதுதான் டிஎன்ஏவுக்கு உண்மையான வேலை. டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களைக் குறியீடு என்கிறார்கள். குட்டியின் ஒவ்வொரு குறியீட்டிலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தகப்பனிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். பொருந்தாத குறியீடுகள் இருந்தால் அந்தப் பொலிகுதிரையை நீக்கிவிடுவார்கள். தாயின் மாதிரியும் இருந்தால் முடிவு உறுதியாக இருக்கும். இரண்டு பொலிகுதிரைகளும் அண்ணன் தம்பி என்றால் கூடுதல் குறியீடுகள் தேவைப்படலாம், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைக்கான உறையைப் பதிவேட்டு அலுவலகத்தின் மூலமாகவே வாங்குங்கள். நான் முதலில் தனியாக ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பிக் காசைத் தொலைத்தேன். முடிவு சரியாகத்தான் வந்தது, ஆனால் அது என் கையில் இருந்ததே தவிர அவர்கள் கோப்பில் ஏறவில்லை. பொலிகுதிரையின் டிஎன்ஏ பெரும்பாலும் ஏற்கெனவே கோப்பில் இருக்கும், எனவே குட்டியும் தாயும் மட்டும் போதும்.

முடி எடுப்பதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். வெட்டிய முடி பயன்படாது, வேர் வேண்டும். வளர்ந்த குதிரைக்குப் பிடரியில் எடுக்கலாம். குட்டிக்குப் பிடரி முடி பஞ்சு மாதிரி இருக்கும், இழுத்தால் நடுவில் அறுந்துவிடும், வாலில் எடுங்கள். முதலில் வாலைச் சீவிவிடுங்கள், ஏனென்றால் குட்டி நாள் முழுக்கத் தாயை உரசிக்கொண்டே இருப்பதால் தாயின் முடி அதில் ஒட்டியிருக்கும். பத்துப் பதினைந்து முடியைப் பிரித்து, தோலுக்கு அருகிலேயே விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே வெடுக்கில் இழுங்கள். மெதுவாக இழுத்தால் வேர் உள்ளேயே நின்றுவிடும், குட்டிக்கும் வலி. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: முடியின் வேர்ப்பக்க முனையில் கடுகைவிடச் சிறியதாக வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அப்படி முப்பது முடி சேர்த்துக்கொள்ளுங்கள். முடி ஈரமாக இருக்கக்கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், காகித உறைதான் சரி. உறையில் பெயரை எழுதிவிட்டுப் பிறகு முடியை எடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் கையைக் கழுவுங்கள்.

டிஎன்ஏ தகப்பன் யார் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தத் தகப்பனின் சொந்தக்காரர் கையெழுத்துக்கு அது மாற்று இல்லை. "சோதனையில் வந்துவிட்டதே, இனி அவர் எதற்கு?" என்று நானும்தான் கேட்டேன். ரிப்போர்ட் இல்லாமல் டிஎன்ஏ மட்டும் போதும் என்றால், வேலி தாண்டிய எந்தக் குதிரையின் குட்டிக்கும், பொலி கட்டணம் கொடுக்காதவருக்கும்கூடப் பதிவு கிடைத்துவிடும். அதனால்தான் கையெழுத்தை முதலில், டிஎன்ஏவைப் பிறகு என்று சொல்கிறேன். என் விஷயத்தில் சோதனை பே நிறக் குதிரைதான் தகப்பன் என்று சொன்னது. பண்ணைக்காரர் திருத்திய ரிப்போர்ட் அனுப்பினார். நல்லவேளை, இரண்டு பொலிகுதிரையும் அவர் பெயரிலேயே இருந்தன.

படங்கள்

இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின் என்று நான்கு படங்கள். குட்டி நான்கு காலும் தெரிய நிற்க வேண்டும், புல் குளம்பை மறைக்கக்கூடாது. நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி, எல்லாவற்றையும் படிவத்தின் வரைபடத்தில் குறிக்க வேண்டும். சுழி பார்ப்பது நமக்குப் புதிதில்லை, இங்கே அது ராசிக்காக இல்லாமல் அடையாளத்துக்காக. குட்டிமயிர் உதிர்ந்த பிறகு எடுத்தால் நிறத்தைத் திருத்தி எழுதும் வேலை மிச்சமாகும். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது, குட்டியின் வயது ஏற ஏறப் பதிவுக் கட்டணமும் ஏறும்.

எந்தக் கதவும் திறக்காவிட்டால்

பொலிகுதிரையே பதிவில்லாதது, அல்லது சொந்தக்காரர் கடைசி வரை கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் என்ன செய்வது? பணம் கொடுத்து எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த வழியை மறந்துவிடுங்கள். ஹார்ட்ஷிப் என்று ஒரு வழியும் இருக்கிறது. குதிரை முழுதாக வளர்ந்த பிறகு, உயரத்தை முறைப்படி அளந்து காட்டி, வழக்கமான பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்டிச் சேர்ப்பது. இரண்டு பதிவேட்டின் நிபந்தனைகளும் வேறு வேறு, அவை மாறவும் செய்யும், எனவே அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திட்டு நிறக் குட்டி என்றால் பின்டோ பதிவேடு மினியேச்சர்களையும் நிறத்தை வைத்துச் சேர்த்துக்கொள்கிறது. வீட்டில் வளர்த்து, குழந்தைகள் தடவிக்கொடுக்க மட்டும்தான் குட்டி என்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், இவ்வளவு அலைச்சல் வேண்டாம். ஒரு மைக்ரோசிப் போட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கண்காட்சிக்குப் போவதும் அடுத்த தலைமுறை எடுப்பதும் எண்ணம் என்றால் மட்டும் பதிவுக்கு ஓடுங்கள்.

அடுத்த சினைக் குதிரை வாங்கும்போது நான் செய்யப்போவது ஒன்றே ஒன்று. பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, கையெழுத்திட்ட பொலிச் சான்றும் பெயர் மாற்றப் படிவமும் கைக்கு வந்த அன்று அதைத் தருவதாக ரசீதிலேயே எழுதிவிடுவேன்.

குட்டிக்கு வந்தது தற்காலிகச் சான்றிதழ். வளர்ந்த பிறகு உயரத்தை அளந்து அனுப்பினால்தான் நிரந்தரமாகும். போன வாரம் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பிடரியின் கடைசி முடியில் அளவுகோலை வைத்தேன். 31 அங்குலம். இன்னும் மூன்று அங்குலம் இடம் இருக்கிறது. தீவனத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்றதால் அந்த அளவையும் முழுதாக நம்ப முடியாது.